தங்கமா இருக்கா

வடிவு, எனக்கு இதை முதல்முதல் சொன்னது எம்மவ பியூலாதான், போன அசனத்தன்னைக்கு, கோயில் காம்பவுண்டுக்குள்ள வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்தப்ப. இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். இப்படி ஆரம்பித்தால் நானாக எதையோ கண்டுபிடித்துச் சொன்ன மாதிரி இருக்காது, என் மகள் சொன்னாள், படித்தவள், கோயம்புத்தூரில் பெரிய மில்லில் கணக்கு பார்க்கிறவள், அவள் சொன்னதை நான் சொல்கிறேன், அவ்வளவுதான் என்று ஆகிவிடும். மத்தியானம் சோறு வடித்தபோதும் இதையே சொல்லிப் பார்த்தேன், துணி மடித்தபோதும் சொல்லிப் பார்த்தேன், இப்போது வாய்க்கால் பாலத்தடியில் வேனுக்காக நிற்கும்போதும் உதடு அசைந்துகொண்டுதான் இருக்கிறது. பார்க்கிறவர்கள் ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைப்பார்கள். ஜெபந்தான் பண்ணினேன், பாதியில் வடிவின் முகம் வந்து நின்றுவிட்டது. வடிவு எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறவள், ஆடிட்டர் ஆபீசில் வேலை, புருஷன் பேச்சிமுத்து கம்பெனி டயர் விற்க ஊர் ஊராய்ப் போகிறவன். அவள் வீடு திரும்ப இருட்டிவிடும். அதனால் மூன்றாம் வகுப்புப் படிக்கிற அவள் மகள் கோமதியை வேனிலிருந்து இறக்கிக் கூட்டிப்போய், முகம் கழுவிவிட்டு, பால் கொடுத்து, வீட்டுப்பாடம் எழுத வைத்து உட்கார்த்தி வைப்பது நான். என் பிள்ளைகள் வளர்ந்து கூடு கலைந்து போன வீட்டில் ஆண்டவர் அனுப்பின சின்னப் பாதம் என்று நான் சந்தோஷப்பட்டேன். கோமு என்னைப் பூம்மா என்பாள். ஞானப்பூ என்கிற என் பேரை யாரும் அப்படிச் சுருக்கினதில்லை. வேன் வரும் நேரம் தாண்டிவிட்டது. மேற்கே மேகம் கறுத்துக் கிடக்கிறது, காற்றே இல்லை, வாய்க்கால் சத்தம் மட்டும்.

அசனம் என்றால் என்ன என்று வடிவுக்குத் தெரியும், அவளையும் நான் கூப்பிட்டிருந்தேன், லீவு கிடைக்கவில்லை, பிள்ளையை மட்டும் அனுப்பினாள். வருஷத்தில் ஒரு நாள் சபை முழுதும் ஒன்றாய்ச் சமைத்து ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுவோம், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் வந்தாலும் இலை உண்டு. பெண்களெல்லாம் பாய் விரித்து உட்கார்ந்து மலைமாதிரி சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தோம், எல்லார் கண்ணிலும் தண்ணீர். கோமுவும் ஆசைப்பட்டு வந்து உட்கார்ந்தாள், அவளுக்கும் ஒரு கை அள்ளிக் கொடுத்தோம். ஏதோ கொஞ்சம் உரித்தாள். அப்புறம் ஒரு தோல் காற்றில் எழும்பியது. அவ்வளவுதான், அந்தத் தோலோடு அவளும் போய்விட்டாள், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடியே. கையில் பாதி உரித்த வெங்காயம், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கண் எங்கேயோ இருக்கிறது. ராஜபாய் கூப்பிட்டாள், சுகிர்தம் கூப்பிட்டாள், ஏட்டி கோமு, ஏட்டி. அசையவில்லை. சூடான அண்டாவைத் தூக்கிக்கொண்டு ஆம்பிளைகள் ஒதுங்கு ஒதுங்கு என்று கத்திக்கொண்டு அவளைத் தாண்டிப் போனபோதும் கால் மடக்கவில்லை, நான்தான் இழுத்தேன். அப்போதுதான் பியூலா தலையைத் தூக்கினாள். "ஏம்மா, இந்தப் பிள்ளைய எங்கயாவது காட்டுனாங்களா?" என்றாள். "எதுக்குக் காட்டணும், மேலுக்கு ஒண்ணுமில்லையே, கொழுக்கட்ட மாதிரிதான இருக்கா" என்றேன். ராஜபாய் விடுவாளா, "ஏ பியூலா, ஊர்ப்பிள்ளைக்கு நோவு கண்டுபிடிக்கவா கோயம்புத்தூர்ல இருந்து ரயிலேறி வந்த? கையில இருக்கத உரி. இப்படியே பேசிக்கிட்டிருந்தா ஒனக்குக் கறி கெடையாது, ரசம் மட்டுந்தான்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். பியூலா சிரிக்கவில்லை. அவள் கோமுவையே பார்த்துக்கொண்டிருந்தாள், கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவள் மாதிரி, உள்ளே யாரையோ தெரிந்துகொண்டவள் மாதிரி.

"என்ன பூவக்கா, வேனு வர்ற வழியில படுத்துட்டு போல" என்கிறார் சுடலை. பாலத்துப் புங்கமரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறவர். கரி கனியவில்லை, ஈரம் ஏறியிருக்கிறது, விசிறிக்கொண்டே பேசுகிறார். "வந்துரும் அண்ணாச்சி" என்கிறேன். "வரலன்னா ஒங்க ஆண்டவர்ட்ட ஒரு வார்த்த சொல்லி மேலருந்து எறக்கச் சொல்லுங்க" என்று பல்லைக் காட்டுகிறார். வேறு நாளாயிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். இன்றைக்கு வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேலே அணையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். நேற்றுவரை அடியில் கிடந்த தண்ணீர் இன்றைக்குக் கரை தொட்டு ஓடுகிறது, செம்மண்ணைக் கரைத்து ஊற்றின நிறம், மேலே பார்த்தால் மெதுவாகப் போகிற மாதிரி இருக்கிறது, ஒரு தென்னமட்டை வந்தது, கண்மூடித் திறப்பதற்குள் பாலத்துக்கு அடியில் போய்விட்டது. காலையில் பால் வாங்க வந்தபோது ஒரு ஆட்டுக்குட்டி வயிறு உப்பி மிதந்து வந்தது, நாலு காலும் மேலே. பார்க்காதே மனசே என்று திரும்பிக்கொண்டேன். ஆனால் பார்த்தாயிற்று, அது உள்ளே வந்து மிதந்துகொண்டுதான் இருக்கிறது. கோமுவுக்கு ஓடுகிற தண்ணீரென்றால் உயிர். தினமும் பாலத்தைக் கடக்கும்போது அவள் கை என் கைக்குள் பாரமாகிவிடும், கால் நடக்கும், ஆள் இருக்காது. அந்தப் பாரம் வந்தவுடன் நான் பிடியை இறுக்கிக்கொள்வேன். இதை வடிவிடம் சொன்னதில்லை. இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அசனம் முடிந்து ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது பியூலா சொன்னாள். கோமு என் மடியில் தூங்கிவிட்டாள், தலைமுடியெல்லாம் கறி வாசம். "அம்மா, குதிச்சி ஆடிக்கிட்டு அடங்காம இருக்க பிள்ளைக்குத்தான் அந்தப் பிரச்சன வரும்னு எல்லாரும் நெனைக்காக. ஆம்பளப் பையன் பெஞ்சு மேல ஏறுனா ஒடனே டாக்டர்ட்ட அனுப்பி விட்ருவாக. பொட்டப்பிள்ள சத்தமில்லாம சன்னலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா, நல்ல பிள்ள, அமைதியான பிள்ளன்னு விட்ருவாக. இதுவும் அதுதாம்மா." கவனம் ஒரு இடத்தில் நிற்காத அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர், ஏடிஎச்டி என்று எழுத்து எழுத்தாகச் சொன்னாள். எல்லாப் பிள்ளையும் மறக்கத்தானட்டி செய்யும், பராக்குப் பார்க்கத்தான செய்யும் என்றேன். செய்யும், என்றாள். ஒரு நாள் ரெண்டு நாள் என்றால் விட்டுவிடலாம், வீட்டில் சண்டையோ, தூக்கமில்லையோ, கண்ணு காது சரியில்லையோ, அதுவும் இருக்கலாம், அதையெல்லாம் டாக்டர்களே முதலில் பார்ப்பார்கள். ஆனால் ஆறு மாசத்துக்கு மேலே தொடர்ந்து, பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் ரெண்டு இடத்திலும், அவள் வயசுப் பிள்ளைகள் செய்கிறதைவிட அதிகமாக, அவள் படிப்பையும் சேக்காளிகளையும் அவள் உயிரையும் தொந்தரவு பண்ணுகிற அளவுக்கு இருந்தால் காட்டவேண்டும், பயப்பட ஊசி ஒன்றும் கிடையாது, உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள், டீச்சரிடம் கேட்பார்கள், வீட்டில் கூட இருக்கிறவர்களிடம் கேட்பார்கள் என்றாள். இவ்வளவு ஒனக்கு எப்படிட்டி தெரியும் என்றேன். ஆட்டோ சிக்னலில் நின்றது. "எனக்கு அதும்மா" என்றாள். "போன வருசந்தான் போய்க் கேட்டேன். அதுவரைக்கும் சோம்பேறிதான் எம் பேருன்னு இருந்தேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். முப்பத்தைந்து வயசுக் கை, நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டின கை. பிள்ளையிலிருந்தே நகம் கடிப்பாள். வேப்பெண்ணெய் தடவியும் விடவில்லை.

ஒரு வேன் திரும்புகிறது. இல்லை, அது கான்வென்ட் வேன், நீலம். நம்முடையது மஞ்சள். என் ஆண்டவரே, நீர் அறிவீர். நீர் அறியாததா. போன ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் நான் என்ன சொன்னேன் என்று நீர் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர். பியூலா சொன்னதை நான் சொல்லுமுன்னே பள்ளிக்கூடத்திலேயே டீச்சர் வடிவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், வகுப்பில் ஆள் இருக்கிறாள், கவனம் இல்லை, ஒருதரம் காட்டிப்பாருங்கள் என்று. வடிவு பயந்துபோய் டாக்டரிடம் நாளும் வாங்கிவிட்டாள். நாளைக்குச் சனிக்கிழமை, நாளைக்குத்தான் அந்த நாள். பேச்சிமுத்து குதித்தானாம், பொட்டப்பிள்ளைக்கு அந்த மனநல டாக்டர்ட்ட பேரு பதிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான் என்று. அவள் ரெண்டுங்கெட்டானாய் நின்றாள். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "பெரியம்மா, நீங்க சொல்லுங்க, சாயங்காலம் பூரா ஒங்ககூடத்தான இருக்கா, ஸ்கூல்ல சொல்ற மாதிரியா இருக்கா? ரெண்டு எடத்துலயும் இருந்தாத்தான் அதுன்னு சொல்லுதாங்க" என்று கேட்டாள். அவள் கண் என் வாயையே பார்த்தது. எனக்கு வாயில் வந்தது எங்கள் ஜெபவீட்டு வார்த்தை. அங்கே எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குறையை நாவால் சொல்லமாட்டோம், சொன்னால் அது பலித்து நம்மைக் கட்டிவிடும். காய்ச்சல் நெருப்பாய்க் கொதிக்கும்போதும் எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டால் சுகமாயிட்டேன் என்போம், வராத வேலையைக் கிடைத்துவிட்டது என்போம், இல்லாததை இருப்பதாகச் சொல்லி அது வரும்வரை பிடித்துக்கொண்டிருப்பதுதான் விசுவாசம். கேட்கிறவர்களும் நம்மவர்கள், அவர்களுக்குத் தெரியும், ஆமென் என்று சொல்லிவிட்டு ரகசியமாய்க் கஷாயம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த வாயால்தான் சொன்னேன். "எங்கிட்ட தங்கமா இருக்கா. சொன்ன பேச்சு கேக்கா. ஞானமுள்ள பிள்ளையா வருவா." வடிவு நம்மவள் இல்லை. அவளுக்கு அது விசுவாசம் என்று எப்படித் தெரியும், நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள். அவள் தோள் இறங்கினதைப் பார்த்தேன், அத்தனை நாள் தூக்கிவைத்திருந்த தோள். அங்கேயே போனை எடுத்து சனிக்கிழமை வரவில்லை என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் கேசரி கிண்டிக் கொடுத்தனுப்பினாள், முந்திரி வறுத்துப் போட்டு. ஜெபத்துக்கு முழங்கால் போட்டால் கேசரி வாசம் வருகிறது.

தங்கமா இருக்கா. தங்கம் எப்படி இருக்கிறாள் என்று எனக்கல்லவா தெரியும். யூனிபார்ம் பெல்ட்டைத் தொலைத்துவிட்டு வந்தால் என் பெட்டியிலிருந்து இன்னொன்று எடுத்து மாட்டிவிடுவேன். பென்சில் டப்பா, தண்ணீர் பாட்டில் மூடி, ரிப்பன் எல்லாவற்றிலும் கூடுதலாய் ஒன்று என் கட்டிலடியில் இருக்கிறது, ஒரு ஜோடி கறுப்பு ஷூகூட. வீட்டுப்பாடம் என்னவென்று அவளுக்குத் தெரியாது, நான் எதிர்வீட்டுப் பையனின் அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்வேன். அவள் ஒரு வரி எழுதுவாள், மின்விசிறியைப் பார்ப்பாள், நான் தொடையைத் தட்டுவேன், இன்னொரு வரி. தட்டித் தட்டியே பாடம் முடியும். வடிவு வந்து பார்க்கும்போது எல்லாம் எழுதி, தலை சீவி, பை கட்டி, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிள்ளைக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் தெரிகிறது வீட்டில் தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம், என் ரெண்டு கைதான் காரணம் என்று பியூலா போனில் சொன்னபோதுதான் உறைத்தது. "அம்மா, நீ அவளுக்கு ஊன்றுகோலா இருக்க, சரி. ஆனா கோலையும் சேத்து ஒளிச்சி வச்சிருக்க. அவ நல்லா நடக்கான்னுதான எல்லாரும் நெனைப்பாக." போன வாரம் பாலை அடுப்பில் வைத்து, பொங்கினா கூப்புடு கண்ணு என்று சொல்லிவிட்டுக் கொடியில் துணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் பால் பொங்கி வழிந்து தீ அணைந்து கேஸ் மட்டும் உஸ் என்று வந்துகொண்டிருக்கிறது. அவள் அங்கேயே நிற்கிறாள், அடுப்புக்கு முன்னால், பால் வழிந்த கோடு என்ன உருவமாய்க் காய்கிறது என்று பார்த்துக்கொண்டு. அந்த வாடை அவள் மூக்கில் ஏறவேயில்லை. சன்னலையெல்லாம் திறந்துவிட்டு, அடுப்பைத் துடைத்து, அவள் சட்டையை மாற்றி, வடிவு வருவதற்குள் ஊதுபத்தி ஏற்றிவைத்துவிட்டேன். ஊதுபத்தி. நான், ஞானப்பூ, வீட்டில் ஊதுபத்தி ஏற்றாத கிறிஸ்தவச்சி. நல்ல மணமா இருக்கே பெரியம்மா என்றாள் வடிவு.

மஞ்சள் வேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், மஞ்சள் வேன். லிங்கம் தம்பி தலையை வெளியே நீட்டி ஆரன் அடித்துக்கொண்டு வருகிறார். கதவு திறக்கிறது, எதிர்வீட்டுப் பையன் குதிக்கிறான், குண்டுப் பிள்ளை குதிக்கிறது, கதவு மூடுகிறது. "தம்பி, கோமு?" என்கிறேன். "கோமுவா? அவ ரைஸ்மில் ஸ்டாப்லயே எறங்கிட்டாளே யக்கா." எந்த ரைஸ்மில். வாய்க்கால் மேலே போனால், அந்த வளைவுக்கு அப்பால். "சியாமளா வீட்டுப் பிள்ளைக எறங்கும்போது கூடவே எறங்குனா. நீங்கதான் அங்க நிக்கச் சொல்லிருப்பீகன்னு நெனச்சேன். கூப்புட்டேன், திரும்பலயே. சரி, கேக்காம போறா, வீட்ல சொல்லித்தான் போறான்னு…" அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார், எனக்கு வாய் அசைவது மட்டும் தெரிகிறது. பிந்தி வந்தது எதனால் என்று வேறு சொல்கிறார், டயர், பஞ்சர், ரைஸ்மில் தாண்டின பிறகு. அப்படியானால் அவள் இறங்கி ரொம்ப நேரம். சுடலை விசிறியைக் கீழே வைத்துவிட்டார், சிரிப்பு போய்விட்டது. "பூவக்கா, நான் ரோட்டுப் பக்கமாப் போறேன், நீங்க கரையோடயே போங்க" என்கிறார். கரையோடு என்று அவரும் சொல்கிறார். யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

கரையில் கருவேலமுள், நேற்றைய மழையில் சறுக்குகிறது. ஒரு கையில் சேலையை, ஒரு கையில் போனை. ஆண்டவரே என்கிறேன், அதற்கு மேலே வரவில்லை. எத்தனை வருஷமாய் அழகழகாய் அடுக்கிய ஜெபம், ஒரு வார்த்தை துணைக்கு வரவில்லை. கோமு. கோமூ. தண்ணீர் எனக்கு எதிரே வருகிறது, மேலேயிருந்து கீழே, அவள் இருக்கிற பக்கத்திலிருந்து நான் இருக்கிற பக்கத்துக்கு. அதைப் பார்க்கக் கூடாது, பார்க்காமலும் இருக்க முடியாது, வருகிறதையெல்லாம் பார்க்கவேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் பை. வாழைத்தண்டு. கறுப்பாய் ஒன்று. கறுப்பாய் ஒன்று சுழன்று சுழன்று வருகிறது, முடியா, ஆண்டவரே முடியா, பக்கத்தில் வருகிறது, ஷூ. சின்ன கறுப்பு ஷூ. கயிறு அவிழ்ந்து இரண்டு மீசை மாதிரி தண்ணீரில் நீண்டிருக்கிறது. காலையில் வேன் ஏற்றும்போது அந்தக் கயிற்றைக் கட்டியது என் விரல், அவளுக்குக் கட்ட வராது என்று, எட்டு வயசில் இன்னும் வராது என்று வடிவுக்குத் தெரியாமல் தினமும் நானே இரட்டை முடிச்சுப் போட்டு. அது என்னைத் தாண்டிப் போகிறது. எடுக்கத் தோன்றவில்லை. தங்கமா இருக்கா என்று சொல்லி அந்த வார்த்தையால் நானே கட்டிவிட்டேனோ, குறை சொன்னால் கட்டும் என்கிறார்களே, நிறை சொன்னாலும் கட்டுமோ, பிள்ளையைச் சுற்றிப் பொன்னால் சுவர் எழுப்பி உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டால் கேட்காதபடிக்கு. பிள்ளையைப் பார்க்க ஒரு டாக்டர் நாள் சொன்னார். நான் அந்த நாளைத் தள்ளிவிட்டேன். எவ்வளவு தூரம் இந்த வளைவு. இவ்வளவு தூரமா.

படித்துறை. உட்கார்ந்திருக்கிறாள். முதுகு எனக்கு. பை கரையில் கிடக்கிறது, தண்ணீர் ஏறின படியில் கால் இருக்கிறது, ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் சாக்ஸ், முழங்கால்வரை நனைந்து இருக்கிறது. கோமு என்று கத்தினேன். திரும்பவில்லை. இன்னும் கத்தினேன். தண்ணீருக்கு மேலே ஏதோ பூச்சி எழுதிக்கொண்டு போகிறது, அதைப் பார்க்கிறாள். அப்போது எனக்குப் பயத்தை விட வேறொன்று வந்தது. இந்தப் பிள்ளை கேட்காதது பிடிவாதம் இல்லை, என் சத்தம் அவளிடம் போய்ச் சேரவேயில்லை, நடுவில் எங்கேயோ விழுந்துவிடுகிறது. கத்துவதை நிறுத்தினேன். உட்கார்ந்து உட்கார்ந்து படியிறங்கினேன், பாசி, பின்னாலிருந்து அவள் பினாஃபோரைக் கொத்தாய்ப் பிடித்தபிறகுதான் தோளைத் தொட்டேன். திரும்பினாள், தூங்கி எழுந்த மாதிரி, சந்தோஷமாய். "பூம்மா, ஷூ கப்பல் மாதிரிப் போச்சு. நான் விடல, அதாப் போச்சு. புடிக்கலாம்னு எறங்குனேன், இன்னும் ஒரு படிதான்னு நெனச்சேன்." அந்தப் படித்துறையில் அதற்குக் கீழே படி கிடையாது. போன வெள்ளத்திலேயே பெயர்ந்துவிட்டது. தண்ணீர் இல்லாத நாளில் எல்லாரும் பார்த்திருக்கிறோம், வெறும் குழி. "நான் கூப்புட்டேனே கண்ணு, கேக்கலயா?" என்றேன். அவள் யோசித்தாள். ரொம்ப மரியாதையாய், கேட்ட கேள்விக்குச் சரியான பதில் தேடுகிற மாதிரி யோசித்தாள். "கேக்கும் பூம்மா. ஆனா எனக்குக் கொஞ்சம் கழிச்சித்தான் கேக்கும்" என்றாள். பிறகு, "அம்மாட்ட சொல்லாதீங்க, இன்னொரு ஷூ இருக்குல்ல நம்மகிட்ட" என்றாள். நம்மகிட்ட. எட்டு வயசுப் பிள்ளைக்கு ஒளிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மேல்படிக்கு அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பினாஃபோரிலிருந்து விரலைப் பிரிக்க முடியவில்லை. கரை மேலே சுடலையின் குரல், "கெடச்சிட்டாளா பூவக்கா?" கெடச்சிட்டா. அப்போது போன் அடிக்கிறது. வடிவுதான், ஆபீசில் டீ குடிக்கிற நேரம், தினமும் அடிப்பாள். "பெரியம்மா, கோமு வந்துட்டாளா?" பின்னால் யாரோ சிரிக்கிற சத்தம், டீ கிளாஸ் சத்தம், நிம்மதியான சத்தம். தினமும் சொல்கிற பதில் தானாய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வந்துட்டாம்மா, தங்கமா இருக்கா. சொன்னால் போதும். வீட்டுக்குப் போய்க் கட்டிலடி ஷூவை எடுத்து மாட்டி, சாக்ஸைத் துவைத்துக் காயப்போட்டு, இன்னொரு தரம் எல்லாம் சரியாகிவிடும், இன்னொரு நாள் வேன் பிந்தும்வரை. மத்தியானத்திலிருந்து அடுக்கி வைத்த பேச்சு ஒன்றும் வரவில்லை, பியூலாவும் வரவில்லை, அசனமும் வரவில்லை. தண்ணீர் காலுக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. கோமு என் கழுத்துச் செயினைத் திருகிக்கொண்டு அதைத்தான் பார்க்கிறாள். "பெரியம்மா? லைன்ல இருக்கீங்களா?" இருக்கேம்மா. பிள்ள எங்கிட்ட இருக்கா, பயப்படாத, மேலுக்கு ஒண்ணுமில்ல. ஆனா நாங்க வீட்ல இல்ல, ரைஸ்மில்லுகிட்ட வாய்க்கா படித்துறைல இருக்கோம். அன்னைக்கு மொட்டமாடில நான் சொன்னது என் ஜெபம், வடிவு. நான் பாத்தது வேற. நாளைக்கு அந்த டாக்டர்ட்ட திரும்பக் கேளு, நானும் வாறேன், நான் பாத்தத நானே சொல்லுதேன். அந்தப் பக்கம் டீ கிளாஸ் சத்தம் நின்றுவிட்டது. அப்புறம் நாற்காலி நகர்கிற சத்தம். கட்டிலடியில் இருக்கிற ஷூ ஞாபகம் வந்தது. வேண்டாம். வர்ற வழியில வீட்ல ஏறி, பிள்ளைக்கு ஒரு சோடி செருப்பு எடுத்துட்டு வாம்மா.